மார்க்கத்தில் காகத்துக்குக் காத்திருந்தோம்

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பறவை பார்க்கப் போனேன். உண்மையில் சாப்பிடத்தான் போனேன். கனடாவில், மார்க்கம் நகரில் என் நண்பர் நேசன் அண்ணை வீட்டில் அவருடைய தகப்பனார் இறந்து ஒரு வருடம், ஆட்டைத் திவசம். நான் இருக்கும் பிக்கரிங்கிலிருந்து 24 கிலோமீற்றர், நாற்பது நிமிடம். அதில் கார்க் கண்ணாடியில் பனி சுரண்டியது பத்து.

11.50க்குச் சேர்ந்தேன். மைனஸ் 17. பின்வளவில் அண்ணையின் மகள் அபிராமி தொங்கவிட்ட மூன்று தீனிக்கூடுகள். நடுவே ஒரு மேசையில் வாழையிலைத் துண்டு. அதில் சோறு, ஐந்து கறி, உழுந்து வடை. காகம் தொட்ட பிறகுதான் எங்களுக்கு இலை போடுவார்கள். அண்ணை காலையிலிருந்து வெறும் தண்ணீரோடு நின்றார்.

12.10க்குச் சிக்கடிகள் வந்தன. கறுப்புத் தொப்பி போட்ட சின்னக் குருவிகள். ஒரு முறைக்கு ஒரு விதைதான் எடுத்தன. எங்கள் பந்திகளில் இந்த ஒழுங்கை நான் கண்டதில்லை. 12.25க்குக் கார்டினல் சோடி. பனியின் மேல் ஆண் பறவையின் சிவப்பைப் பார்த்தபோது பசியைச் சற்று மறந்தேன். சற்றுத்தான்.

காகம் மட்டும் வரவில்லை. அண்ணை ஜக்கெற் போடாமல் வெளியே போய் "கா, கா" என்று கூப்பிட்டார். பக்கத்து வீட்டில் ஒரு திரை விலகி, மூடியது. சோறு கல்லாகிவிட, மூன்றாம் முறையாகச் சுடுசோறு மாற்றினார்.

"அப்பாக்கு என்னோடை கோவம் போலை," என்றார் உள்ளே வந்து. "சாக முந்தி ஒருக்கா வந்து பாக்கச் சொன்னவர். நான் போகேல்லை."



1.05க்கு நீலக் கொண்டையோடு ஒன்று இறங்கியது. தீனிக்கூட்டில் இருந்த கடலையைப் பார்க்கவில்லை. சோற்றையும் தொடவில்லை. வடையைக் கவ்விக்கொண்டு வேலிக்குப் போனது.

"உது காகமில்லையே," என்றார் அண்ணை.

"புளூ ஜே. காகத்தின்ரை பமிலிதான் அப்பா, சீரியஸ்லி," என்றாள் அபிராமி.

"பிறகென்னப்பா?" என்றார் அவர் மனைவி ராஜி அக்கா. "திவசத்துக்குச் சொந்தக்காரர்தானே வாறவை."

அண்ணை வேலியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பாவும் முதல் வடையிலைதான் கை வைப்பார்," என்றார். பிறகு, "இலையைப் போடுங்கோ."

போக விரும்புவோருக்கு: வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சோற்றை நம்பாதீர்கள், வடை கட்டாயம். காகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால் பிந்திப் போங்கள். மூன்றரைக்கு நான் மறுபடி பனி சுரண்டும்போது கராஜ் கூரையில் ஒன்று வந்து இருந்தது. உள்ளே அண்ணை சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் அவரைக் கூப்பிடவில்லை. எப்படியும் வடை முடிந்திருந்தது.