மாட்டுக்கும் மகளுக்கும் ஒரே பத்தியம்

மந்தைவெளியில் கல்யாணராமனைத் தெரியாத கர்ப்பிணி கிடையாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆண்பிள்ளை; பிரசவ வலி கண்டதில்லை, காணப்போவதும் இல்லை. ஆனாலும் பிரசவத்தைப் பற்றித் தமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவருடைய அபிப்பிராயம். சுக்கும் திப்பிலியும் ஓமமும் இடித்துப் போட்டுத் தம் கையாலேயே லேகியம் கிளறுவார். எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் லேகிய பாட்டிலோடு போய் நிற்பார். லேகியம் இலவசம். கூடவே வரும் உபதேசமும் இலவசம்தான், கேட்கிறவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

"பெத்தவ வயிறு பச்சைப்புண். அதுல சோத்தைக் கொட்டப்படாது" என்பார். மத்தியானம் கொஞ்சம் ரசம் சாதம், தொட்டுக்கொள்ளச் சுட்ட மணத்தக்காளி வற்றல், தாகமெடுத்தால் அரை டம்ளர் வெந்நீர். வயிற்றைக் கட்டினால்தான் பால் ஊறும் என்று அடித்துச் சொல்வார். அவர் முகத்துக்கு நேரே தலையாட்டிவிட்டு, அவர் தெருமுனை திரும்பியதும் மருமகளுக்கு இரண்டு கரண்டி கூடப் போடுகிற புண்ணியவதிகள் அந்தத் தெருவில் இருந்தார்கள். அப்படி ஒரு வசதி அவருடைய சொந்த மகள் ஜலஜாவுக்கு மட்டும்தான் இல்லை. அவளுக்கு அவர் தெருமுனை திரும்புவதே இல்லை.

எழுபத்துமூன்றாம் வருஷம் ஜலஜா இரண்டாவது பிரசவத்துக்காகத் திருச்சியிலிருந்து பிறந்த வீட்டுக்கு வந்தாள். முதல் பெண் பிறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. நடுவில் ஒன்றும் தங்கவில்லை. தங்காததற்கு மாமியார் வீட்டில் அவள் வாங்கிய பேச்சைச் சொல்லி மாளாது. அந்த முதல் பிரசவத்திலும் அப்பாவின் பத்தியத்தில் கிடந்து, எலும்பும் தோலுமாகத் திருச்சிக்குத் திரும்பிப் போனவள் அவள். இப்போது ஆண் குழந்தை பிறந்தது. கல்யாணராமன் பெருமையோடு லேகியம் கிளறினார். பெண்ணின் தட்டைச் சுருக்கினார்.

அதே வாரம் கொல்லைக் கொட்டகையில் ரோகிணியும் கன்று போட்டது. ரோகிணி ஜெர்ஸிக் கலப்பு மாடு. தெருவே அதன் பாலில் காப்பி குடித்தது. நாட்டு மாடு ஒரு சொம்பு கறந்தால் இது ஒரு வாளி கறக்கும். அந்த வாளியைப் பார்க்கும்போதெல்லாம் தாமே கறந்துவிட்ட மாதிரி கல்யாணராமனுக்கு நெஞ்சு நிமிரும். ஆனால் மாட்டின் மேல் அவருக்கு ஒரு குறை இருந்தது. முந்தின கன்றுக்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் சினையே பிடிக்கவில்லை. ஊசி மேல் ஊசி போட்டும் பலனில்லை. "உடம்புல கொழுப்பு ஏறிப்போச்சு, அதான் தங்கமாட்டேங்கறது" என்று அவர் தீனியைக் குறைத்தார். விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்த மாட்டுக்குக் கொழுப்பாம். எப்படியோ தெய்வாதீனமாகச் சினை பிடித்து இந்தக் கன்று பிறந்தது.

பிறந்ததும் மாட்டுக்கும் பத்தியம் ஆரம்பமாயிற்று.

"மாடும் பெத்தவதானே? அதுக்கு மட்டும் வயிறு இரும்பா?" என்றார். பிண்ணாக்கு நின்றது. பருத்திக்கொட்டை நின்றது. ஒரு கட்டு வைக்கோல், மூங்கில் இலை, லேகியத்தில் ஒரு பெரிய உருண்டை. தண்ணீர்கூட அளந்துதான். பாலை மட்டும் அவர் அளந்து கறக்கச் சொல்லவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் கறக்க வேண்டும். பத்தியமெல்லாம் உள்ளே போவதற்குத்தான், வெளியே வருவதற்குக் கிடையாது.

உள்ளறையில் ஜலஜாவுக்கு ஒரே ஒரு பயம்தான், தனக்குப் பால் வற்றிப் போய்விடுமோ என்பது. குழந்தை வாயை வைத்து இழுக்கும், சற்று நேரத்தில் விட்டுவிட்டு வீறிடும். அம்மா விஜயலக்ஷ்மி கதவோரம் நின்று பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்தே அவள் சொல்லிப் பழகாதவள். ஜலஜாவுக்குப் பசியில் காது அடைத்தது. "இன்னும் ஒரு பிடி சாதம் போடேம்மா" என்றால், கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வரும்: "விஜயம், வேண்டாம். வயிறு தொங்கிப்போயிடும்."

ஒருநாள் காலை கறக்க வந்த வைரவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினான்.

"சாமீ! இங்க வந்து பாரு சாமி! மாடு ஒரு தினுசா நின்னுகினு கீது. வைக்கோல மோந்துகூடப் பாக்கல. செவுத்த நக்குது. வாய்ல பழ வாசனை வேற வருது. எவனாவது பலாப்பழம் குடுத்தானா?"

"கண் திருஷ்டி" என்றார் கல்யாணராமன். வைரவனும் அதை உடனே ஒப்புக்கொண்டு மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டான். அந்த விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் அபார ஒற்றுமை. சாயங்காலம் மாடு தள்ளாடியது. வாளியில் அரைவாசிகூட வரவில்லை. தெருவில் காப்பி நின்றுபோகும் என்ற நிலைமை வந்த பிறகுதான் கல்யாணராமனுக்கு டாக்டர் ஞாபகம் வந்தது.

கணேசமூர்த்தி என்று ஒரு கால்நடை டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். மாட்டின் வாயருகே மூக்கை வைத்து மோந்தார். மூத்திரத்தைப் பிடித்து ஒரு பொடியில் சொட்டவிட்டார். பொடி கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. கழுத்து நரம்பில் கொஞ்சம் ரத்தமும் எடுத்துக்கொண்டார்.

"கன்னு போட்டதிலேர்ந்து என்ன தீனி சார் குடுக்கறீங்க?"

கல்யாணராமன் மகிழ்ந்துபோய்த் தம் பத்தியத்தையும், முன்பு சினை பிடிக்காதபோது தீனியைக் குறைத்ததையும் ஆதியோடந்தமாக விவரித்தார். இவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறாரே, லேகியத்தின் பக்குவத்தை எழுதிக்கொள்ளப் போகிறார் என்றே நினைத்தார்.

"நல்லாருக்கு சார்" என்றார் டாக்டர். "ஒரு வாளி பால் கறக்கற மாட்டைப் பட்டினி போட்டிருக்கீங்க. பால் எங்கேர்ந்து வருது? ரத்தத்துலேர்ந்துதான். ரத்தத்துல இருக்கற சர்க்கரையெல்லாம் மடிக்கே போயிடுது. தீனி வரலைன்னா மாடு என்ன பண்ணும்? தன் உடம்புக் கொழுப்பையே கரைச்சு எரிக்கும். அது சரியா எரியாம ரத்தத்துல விஷமா ஏறும். அந்த வாசனைதான் பழ வாசனை."

"பெத்த உடம்புக்குப் பத்தியம்..."

"பெத்த உடம்புக்குத்தான் சார் அதிகமா வேணும். போன தடவை சினை பிடிக்கலைன்னீங்களே, அதுவும் இதனாலதான். தன் உயிரைப் பிடிச்சுக்கவே ரத்தத்துல தெம்பில்லாதப்போ, பருவம் எப்படி வரும்? கரு எப்படித் தங்கும்? மாட்டு மேல பழியைப் போட்டுத் தீனியை வேற குறைச்சிருக்கீங்க."

கொல்லைப்புற ஜன்னலுக்கு உள்ளே குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஜலஜா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வருஷம் வாங்கிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மாட்டுக்குச் சொன்னது மனுஷிக்கும் பொருந்துமா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

டாக்டர் மாட்டின் கழுத்தில் குளுக்கோஸ் ஏற்றினார். கம்பு மாவில் கஞ்சி காய்ச்சி வெல்லம் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். பிண்ணாக்கையும் பசும்புல்லையும் வேளைக்குக் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகச் சொன்னார். எடுத்துப் போன ரத்தத்தில் சர்க்கரை இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை என்று மறுநாள் சொல்லியனுப்பினார். நாலைந்து நாளில் ரோகிணி வாலைச் சுழற்றியது, தொட்டியை முட்டியது, வாளியும் நிரம்பியது.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, கல்யாணராமனுக்கு மீசையே கிடையாது, ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை. "டாக்டர் வந்தான். நான் மனசுல நெனச்சிண்டிருந்ததையேதான் சொன்னான். பெத்த பசுவுக்குப் புஷ்டி வேணும்" என்று பால் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மாட்டுக் கஞ்சியை அவரே மேற்பார்வை செய்தார். வெல்லம் பாகு வெல்லமாக இருக்க வேண்டும், கட்டி தட்டக்கூடாது, வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். வீடு முழுக்கக் கம்பும் வெல்லமும் மணத்தது.

அந்த மணத்தின் நடுவே ஜலஜாவின் தட்டுக்கு அதே ரசம் சாதம் வந்தது. அதே வற்றல். அதே அரை டம்ளர்.

"அப்பா" என்றாள். "மாட்டுக்குப் பத்தியம் தப்புன்னு டாக்டர் சொன்னாரே."

"ஆமா, சொன்னான்."

"அப்போ எனக்கு?"

கல்யாணராமன் சிரித்தார். குழந்தை ஏதோ கேட்டுவிட்ட மாதிரியான சிரிப்பு. "அசடே, அது வாளி வாளியாக் கறக்கறதுடி. நீ என்ன கறக்கறே?"

உள்ளே குழந்தை வீறிட்டது. இப்போது பசிக்கு அழுகிறதா, அழுது அழுது பழகிவிட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். ஜலஜா எழுந்தாள். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நேரே கொல்லைக்குப் போனாள். அங்கே கொட்டகை வாசலில், மாட்டுக்காக ஆறவைத்திருந்த கஞ்சி பித்தளை அண்டாவில் இருந்தது. பக்கத்தில் கிடந்த சொம்பை எடுத்து மொண்டாள். நின்றபடியே குடித்தாள். இன்னொரு சொம்பு மொண்டாள். கஞ்சி கழுத்தில் வழிந்து புடவையை நனைத்தது. அவள் நிறுத்தவில்லை. மாடு கழுத்தை நீட்டி அவளையே பார்த்தது.

கல்யாணராமன் பதறிக்கொண்டு ஓடிவந்தார். மகள் பசித்திருக்கிறாள் என்ற பதற்றமாக இருந்திருந்தால் இந்தக் கதையையே இங்கே சொல்லியிருக்க வேண்டாம்.

"அடிப்பாவி! கஞ்சி வைக்கற வேளைடி! மாட்டுக்கு எங்கே போறது? விஜயம்! விஜயம்! சீக்கிரம் வேற கஞ்சி காய்ச்சு!"

விஜயலக்ஷ்மி சமையலறையிலிருந்து வந்தாள். கையில் சாதப் பானையும் குழம்புச் சட்டியும், கக்கத்தில் ஒரு வாழையிலையும் இருந்தன. மத்தியானத்துக்கு அவருக்கென்று வைத்திருந்தவை. கொட்டகை வாசலிலேயே மகள் முன்னால் இலையைப் போட்டு, பானையைச் சாய்த்து, சாதத்தைக் குவித்தாள். குழம்பை ஊற்றினாள். குழந்தையைத் தன் தோளுக்கு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் புருஷனைப் பார்த்தாள்.

"முதல்ல இவ சாப்பிடட்டும்" என்றாள். "அப்புறம் மாட்டுக்குக் காய்ச்சறேன். மிச்சம் ஏதாவது இருந்தா, உங்களைக் கூப்பிடறேன்."