இருக்கிறது இருக்கிறபடி

"ஸ்டேட்டஸ்கோ குடுத்துட்டாங்கம்மா. கேஸு முடியற வரைக்கும் இருக்கிறது இருக்கிறபடியே இருக்கணும். யாரும் எதையும் மாத்தக் கூடாது."

திண்டிவனம் கோர்ட் வாசலில் வக்கீல் தென்னரசு இப்படிச் சொன்னதும் காந்திமதிக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு புன்செய்க் கொல்லை. கணவன் இறந்த பிறகு அவளே தனியாக அதில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டு வருகிறாள். அங்கே போக ஒரே வழி, சக்கரபாணியின் நிலத்தோரம் போகும் வண்டிப்பாதை. அதை அடைக்கப்போவதாக அவர் மிரட்டியதால்தான் கேஸே. இனி அடைக்க முடியாது. காய் முற்றிவிட்டது, விடிந்ததும் ஆள் விட்டுப் பிடுங்கிவிடலாம்.

மறுநாள் ஆட்களோடு போனவள் அப்படியே நின்றாள். பாதையின் குறுக்கே ஆள் நுழைய இடமில்லாமல் கல்கால் நட்டு முள்கம்பி இழுத்திருந்தது. அந்தப் பக்கம் சக்கரபாணி பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"கோர்ட்டு ஆர்டர் இருக்குதுண்ணா. வேலியப் பிரிங்க."

"அந்த ஆர்டரத்தாம்மா நானும் சொல்றேன். இருக்கிறது இருக்கிறபடி இருக்கணுமாம். நேத்து காலையில நீ கோர்ட்டுல உக்காந்துகினு இருந்தப்பவே வேலி போட்டாச்சு. ஆர்டரு சாயந்திரம்தான வந்துச்சு? கை வெச்சின்னா உம்மேலதான் கேஸு வரும்."

கூலிக்கு வந்த அமலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நல்லா கேட்டு வாங்கினு வந்தக்கா, ஆர்டரு."

காந்திமதி வக்கீலுக்குப் போன் போட்டாள்.

"வேலி போட்டத நேத்தே ஏம்மா சொல்லல?"

"எனக்கே இப்பதான் சார் தெரியுது. இருக்கிறபடின்னா, அந்தப் பாதை காலங்காலமா இருக்குதே, அது கணக்கு இல்லியா?"

"ஆர்டர் போட்ட நேரத்துல என்ன நெலமையோ, அதத்தான் எதிர்பார்ட்டி புடிச்சிக்குவாங்க. பாதையத் தொறந்துவிடச் சொல்லி இன்னொரு மனு போடணும். பதில் சொல்ல அவங்க வாய்தா கேப்பாங்க."

"அதுவரைக்கும் மல்லாட்டை, சார்?"

"நாளைக்கு ஆபீசுக்கு வாங்கம்மா" என்று வைத்துவிட்டார்.

மயிலம் பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டு வந்தது. முற்றின காயில் ஈரம் பட்டால் மண்ணுக்குள்ளேயே முளை விட்டுவிடும். முதல் தூறல் விழுந்ததும் ஆட்கள் ஒவ்வொருவராக மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தார்கள். அமலா மட்டும் கொஞ்சம் தயங்கி, "வாக்கா, நனையாத" என்றாள்.

காந்திமதி கம்பியைத் தொட்டுவிடாமல் ஓரடி தள்ளி நின்று, தன் கொல்லையில் மழை வலுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.