நங்கோபிக்காகப் பேசிய குரல்

இகங்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நைகாகா அம்மாவைப் பற்றி ஒரு குறை எப்போதும் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் சந்தைக்குப் பின்னால் இருக்கும் வீடியோ கொட்டகைக்குப் போய்விடுவார். பைக் டாக்சிக்காரர்களோடு பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து, வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டு படம் பார்ப்பார். விரிவுரையாளர் செய்கிற காரியமா இது என்று முதல்வரே முகம் சுளிப்பார்.

ஒரு பள்ளி விடுமுறையில், வெளியூர்களிலிருந்து வந்திருந்த ஆசிரியர்களான எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் அவர்தான். தலைப்பு, அசாதாரணத் திறமையுள்ள பிள்ளைகள். முதல் நாள் முழுக்கப் பேசினார். பாதிப் பேர் தூங்கினோம். தலைமுடி நரைத்த முகோயா சார் மட்டும் எழுந்து கேட்டார்.

"அம்மா, என் வகுப்புல தொண்ணூறு பிள்ளைங்க. கெட்டிக்காரப் பிள்ளை தானாப் படிச்சிக்கும். அதுக்கு நான் எதுக்கு?"

"அப்படி ஒரு பிள்ளை இருக்கா உங்ககிட்ட?"

"நங்கோபின்னு ஒருத்தி. கணக்குக்கு விடையை மட்டும் எழுதுவா. எப்படி வந்துச்சுன்னு எழுதச் சொன்னா ஜன்னலைப் பார்ப்பா. திமிரு, வேறென்ன?"

அன்று வெள்ளிக்கிழமை. வகுப்பு முடிந்ததும் நைகாகா அம்மா நேரே கொட்டகைக்குப் போனார்.

அங்கே கிருண்டா என்பவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, புரியாத பாஷைப் படங்களுக்கு எங்கள் லுசோகா மொழியில் குரல் கொடுப்பான். கதாநாயகன், வில்லன், ஓரமாகப் போகும் நாய் என்று எல்லாருக்கும் அவனே பேசுவான். படம் முடிந்ததும் அம்மா அவனைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு காலேஜுக்கு வர்றியா? வாத்தியாருங்களுக்குப் படம் காட்டணும்."

"வாத்தியாருங்க சிரிப்பாங்களாம்மா? சிரிக்காத கூட்டத்துக்கு என் தொண்டை வேலை செய்யாது."

மறுநாள் வந்தான். ஏதோ மலைநாட்டுப் பள்ளிக்கூடத்துச் சிறுமி ஒருத்தியின் கதை. எந்த நாடு என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. கிருண்டா பேசப் பேச வயிறு வலிக்கச் சிரித்தோம். பாதியில் நைகாகா அம்மா மைக்கை வாங்கி முகோயா சாரிடம் நீட்டினார்.

"இனிமே அந்தப் பொண்ணுக்கு நீங்க பேசுங்க."

அவர் குரலை மெல்லிசாக்கிக்கொண்டு ஆரம்பித்தார். "ஐயையோ, மறுபடியும் அதே கணக்கா! மாஸ்டருக்கு வேற கணக்கே தெரியாதா?" ஹால் அதிர்ந்தது. திரையில் ஆசிரியர் அந்தச் சிறுமியின் தாளைக் கிழித்துப் போட்டார். அவள் அழவில்லை. கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

முகோயா சார் தொடர்ந்தார். "எப்படி வந்துச்சுன்னு கேக்கிறாரு. எனக்கு விடைதான் முதல்ல வருது. அப்புறம் யோசிச்சு யோசிச்சு சொல்ல வாயைத் திறந்தா, அதுக்குள்ள அவர் அடுத்த பிள்ளைகிட்ட போயிடறாரு..."

பேச்சு நின்றது. மெல்லிய குரலும் போய்விட்டிருந்தது.

"மாஸ்டர், படம் ஓடுது! பேசுங்க!" என்றான் கிருண்டா.

அவர் தலையை ஆட்டிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. கல்லூரியைக் கொட்டகையாக்கிவிட்டதாக முதல்வர் நைகாகா அம்மாவைக் கூப்பிட்டுக் கண்டித்தார். ஆனாலும் அடுத்துப் பயிற்சிக்கு வந்த ஆசிரியர் குழுவுக்கும் கிருண்டா வந்தான்.

முகோயா சாரை அடுத்த விடுமுறையில் பார்த்தேன். ஊருக்குப் போனதும் நங்கோபியைக் கூப்பிட்டு அன்பாகக் கேட்டாராம். அவள் வாயே திறக்கவில்லையாம்.

"இத்தனை நாள் காது கொடுத்துக் கேக்காதவன் நான், உடனே சொல்லிடுவாளா? தினமும் பக்கத்துல போய் உட்கார்ந்தேன். ஒரு நாள் சாக்பீஸை வாங்கித் தரையில கோடு கோடாப் போட்டு விளக்கினா. எனக்கு முக்கால்வாசி புரியல. 'மாஸ்டர், நீங்க ரொம்ப மெதுவா யோசிக்கிறீங்க'ன்னுட்டாப்பா!"

சொல்லிவிட்டு அவரே பலமாகச் சிரித்தார்.

இதை நைகாகா அம்மாவிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. இதுவரை எத்தனை பேர் இப்படி மாறியிருப்பார்கள் என்று கேட்டேன்.

"தெரியல. மாறாதவங்க யாரும் வந்து சொல்றதில்லையே" என்றார்.