அண்ணனின் கேமரா தேறுமா

அண்ணன் மகள் அந்தக் கேமராவை என் மேசை மேல் வைத்தபோது, விடைத்தாள் திருத்தும் முகாமிலிருந்து அப்போதுதான் வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். யாராவது எதையாவது நீட்டி "கொஞ்சம் பாருங்க" என்றாலே எரிச்சல் வருகிற நேரம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன் என்ற ஒரே காரணத்தால் மிக்சி, இன்வெர்ட்டர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் குடும்பத்தில் நான்தான் டாக்டர். இப்போது கேமராவும் சேர்ந்துகொண்டது.

"சித்தப்பா, அப்பா பீரோவுல கெடந்துச்சு. போன்ல எடுத்து எடுத்து அலுத்துப் போச்சு. இத வச்சு தெனமும் சும்மா படம் எடுக்கலாமா, இல்ல தூக்கிப் போட்டுறலாமா? பாத்துச் சொல்லுங்க."

கீரமங்கலத்திலிருந்து அரிமளத்துக்கு ஏதோ வேலையாக வந்தவள், வெயிலோடு அதையும் சுமந்து வந்திருந்தாள். அவள் அப்பாவுக்கும் எனக்கும் பேச்சு இல்லாமல் சில வருடங்கள் ஆகிவிட்டன. அது தெரிந்தும் தெரியாதவள் போல என் வீட்டுக்கு வந்துபோவது அவள் ஒருத்திதான். அவளிடம் முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

பேச்சு நின்ற கதை சின்னது. தென்னந்தோப்பைப் பிரித்தபோது வரப்பு யார் பக்கம் என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் வாய்த்தகராறு வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, ஆறிவிடும் என்றுதான் நினைத்தேன். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பக்கம் அவர் நிற்பதைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினேன். அவர் முகம் நேராக என் பக்கம்தான் இருந்தது. அதில் ஓர் அசைவும் இல்லை. பக்கத்தில் நின்றவரிடம் எதையோ கேட்டுவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். தூக்கிய கையை நான் இறக்குவதற்குள் ஒரு ஆட்டோக்காரர் வந்து நின்று "எங்க சார் போகணும்?" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்: "பாத்தும் பாக்காத மாதிரி போறாரு. இனிமே அங்கிட்டு நான் போறதா இல்ல."

சொன்னபடியே போகவில்லை. கோபம்கூட ஒரு வருடத்தில் வற்றிவிட்டது. மிஞ்சியது அலுப்புதான். ஒரு மனிதரைத் தவிர்ப்பது எவ்வளவு வேலை பிடிக்கிற காரியம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எந்தக் கல்யாணத்துக்கு எத்தனை மணிக்குப் போனால் அவர் சாப்பிட்டுக் கிளம்பியிருப்பார், மொய் எழுதுகிற இடத்தில் நிற்கலாமா கூடாதா என்று கணக்குப் போட்டே களைத்துப்போனேன்.

சரி, கேமரா. டிஎஸ்எல்ஆர் வகையிலேயே அந்தக் காலத்தில் ஆரம்பப் பாடம் படிக்கிறவர்களுக்கென்று வந்த சின்ன மாடல். பிடிக்கிற இடத்து ரப்பர் பிசுபிசுத்தது. பின்பக்கத் திரை தீப்பெட்டி அளவு. அதில் தெரிவதை நம்பி எந்தப் படத்தையும் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது. பேட்டரி மட்டும் ஆச்சரியமாக உயிரோடு இருந்தது. அண்ணன் இதை வாங்கியபோது மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு எந்த விசேஷத்திலும் அவர் இதைக் கண்ணிலிருந்து இறக்கியதில்லை. மேடை, பந்தி, வாசலில் வருகிறவர்கள் என்று எல்லாவற்றையும் இதன் வழியாகத்தான் பார்ப்பார். கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே "வாங்க மாமா, வாங்க" என்று ஆட்களை வரவேற்பார். படம் கேட்டால் பத்துக்கூடத் தேறாது. "ரீல் போடாத கேமரா" என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

கோடை விடுமுறையில் போகிற இடமெல்லாம் அதைத் தூக்கிப் போனேன். கழுத்து வலித்ததுதான் முதல் பலன். டீக்கடையில் எடுத்தால் "எந்த சேனல் சார்?" என்று கேட்டார்கள். மீன் வாங்க கட்டுமாவடிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, கூடைக்கு முன்னால் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தபோது மீன்கார அம்மா, "போட்டா புடிச்சது போதும், வாங்குறதுன்னா வாங்குங்க, வெயில் ஏறுது" என்றார். போனில் எடுத்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதைத் தூக்கினால் ஊரே விறைத்துக்கொள்கிறது. தினசரிப் படத்துக்கு அது ஒரு குறைதான்.

ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது படங்கள் நன்றாகவே இருந்தன. பகல் வெளிச்சத்தில் மீனின் செதில் மீனின் செதிலாகவும், மனிதத் தோல் தோலாகவும் தெரிந்தது. போன் செய்வதுபோல யாருடைய முகத்தையும் மாவு பூசி வழவழப்பாக்கவில்லை. வீட்டுக்குள் எடுத்தவற்றில் மட்டும் ரவை தூவியதுபோல ஒரே புள்ளி. குறைந்த வெளிச்சத்துக்கு இது ஆகாது என்று முடிவு செய்தேன்.

எனக்குப் பிடிபடாதது ஒன்றே ஒன்றுதான். கண்ணை வைத்துப் பார்க்கிற ஜன்னல், அந்த வ்யூஃபைண்டர், ஒரேயடியாக மங்கலாக இருந்தது. எதைப் பார்த்தாலும் பனிமூட்டம். படம் மட்டும் துல்லியமாக விழுகிறது. உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டது என்று நினைத்து மெல்லிய துணியால் துடைத்து, ஊதி, மறுபடி துடைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சலித்துப்போய், "இது தேறாது, கண்ணு போயிருச்சு" என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் வாங்கி, தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பக்கத்து வீட்டுத் தென்னையைப் பார்த்தாள்.

"ஏங்க, நல்லாத்தானே தெரியுது? காயை எண்ணலாம் போல இருக்கு."

அவளுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி இல்லாமல் வாசலில் நிற்பவர் யாரென்று தெரியாது.

நான் கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். அந்த ஜன்னலை ஒட்டி ஒரு பொடிச் சக்கரம் இருந்தது. கண்ணாடி போடாமல் பார்க்கிறவர் தன் கண்ணின் குறைக்கு ஏற்ப அதைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். அது கழித்தல் குறி இருக்கும் பக்கம், அதாவது கிட்டப்பார்வைக்காரர்களின் பக்கம், கடைசி வரை போய் முட்டி நின்றது.

பையில் உரசித் திரும்பியிருக்கும் என்று என் வீம்பு உடனே ஒரு காரணம் சொன்னது. ஆனால் மற்றவை ஒவ்வொன்றாக வந்து நின்றன. அண்ணன் எப்போதும் பஸ்ஸில் ஏறுமுன் பக்கத்தில் இருப்பவரிடம் "இது எங்க போகுது?" என்று கேட்பார், படித்த மனிதர், கொட்டை எழுத்தில் பலகை இருக்கும். அறுபதை நெருங்கியும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிப்பதாகப் பெருமை பேசுவார். நான் படிக்கிற கண்ணாடியைத் தேடி வீடெல்லாம் அலைகிறவன், கேட்டுப் பொறாமைப்பட்டிருக்கிறேன். போன் வந்த பிறகு "இதைப் போயித் தூக்கிட்டு அலையாதீங்கப்பா" என்று மகள் சொல்லி, கேமரா பீரோவுக்குள் போயிற்று. அதற்கடுத்துத்தான் அந்த அறந்தாங்கி பஸ் ஸ்டாண்ட்.

வருடா வருடம் கரும்பலகையில் கண்ணை வரைந்து கிட்டப்பார்வை நடத்துகிறேன். அண்ணனுக்கு அது இருப்பது என் கண்ணில் படவில்லை. 

சக்கரத்தைத் தொடாமல் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை கீரமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு, பேப்பரை மூக்குக்கு அருகில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். கேட்டைத் திறந்த சத்தத்துக்கு நிமிர்ந்தார். நேராக என்னைப் பார்த்தார். அதே முகம். பஸ் ஸ்டாண்டில் பார்த்த, இத்தனை வருடம் நான் மனதுக்குள் வைத்துத் திட்டிய அதே அசையாத முகம்.

எதுவும் பேசாமல் கிட்டே நடந்தேன். கை எட்டுகிற தூரம் வந்ததும் அந்த முகம் கலைந்தது. பேப்பர் கீழே விழுந்தது.

"டேய், நீயா? கரண்டு பில்லு எழுத வந்த ஆளுன்னுல்ல நெனச்சேன். அங்கிட்டே நின்னா எனக்கு எப்புடித் தெரியும்? அண்ணேன்னு ஒரு வார்த்தை கூப்புட வேண்டியதுதானே?"

 கூப்பிட்டிருக்கலாம். அறந்தாங்கியிலேயே கூப்பிட்டிருக்கலாம்.

உள்ளேயிருந்து அண்ணன் மகள் ஓடி வந்தாள். "சித்தப்பா! கேமரா என்ன ஆச்சு, தேறுமா?"

"பகல்ல நல்லா இருக்கும்மா. தெனசரிக்கு ஆகும்," என்றேன். "ஆனா ஒனக்கு இல்ல."

பையிலிருந்து எடுத்து அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் ரப்பரின் பிசுபிசுப்பை வேட்டியில் துடைத்தார். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். நான் மெல்லப் பின்னால் நடந்து, கேட்டருகில் போய் நின்றேன். லென்ஸ் என்னைத் தேடிச் சுழன்று நின்ற சத்தம் கேட்டது. அவர் படம் எடுக்கவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னடா தம்பி," என்றார் கேமராவை இறக்காமலே, "ஒனக்கு இவ்வளவு நரைச்சுப் போச்சா?"