காஸ்பர் வாத்தியாரின் வாய்

ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஓடிய ஜனம் பட்டணம் திரும்பிய வருஷம், சாந்தோம் காஸ்பர் வாத்தியாருக்கு முகவாதம் வந்து வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அவரைக் கண்டாலே ஒதுங்கிப்போகிறவர்கள்கூடப் பூசை முடிந்ததும் நின்று பேசினார்கள். நோய் வந்த பிறகாவது தன் அருமை தெரிந்ததே என்று பூரித்துப்போனார். டாக்டர் சொன்னபடி தினமும் கன்னத்தை உப்பினார். விசிலடித்த பையன்களைப் பிரம்பால் விளாசிய அதே மனுஷர், கண்ணாடி முன் விசிலடித்தார். ஒரு நாள் காலை காப்பி கடைவாயில் ஒழுகாமல் உள்ளே இறங்கியது.

"லூயிசா! மூஞ்சி பழையபடி ஆயிடுச்சா பாரு!"

மனைவி உற்றுப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"ஆயிடுச்சுங்க. வாத்தியார் இப்பதான் சிரிச்ச மூஞ்சியா கீறாருன்னு ஊரே சொல்லிக்கினு இருந்துச்சு."

காஸ்பர் மறுபடி கண்ணாடி முன் போய் நின்றார். வாதம் ஒரே ராத்திரியில் செய்ததை, எவ்வளவு முக்கியும் அவரால் செய்ய முடியவில்லை.