ஒண்ணை மாத்தினா ஒண்ணைப் பாரும்

முக்கூடலில் ஒரு கல்யாண வீட்டில் கேமராவைத் தோளில் வைத்திருந்தபோது செய்தி வந்தது. பிரமநாயகம் அண்ணாச்சி காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். தாலி கட்டும் நேரம், அழக்கூட வழியில்லை. எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். எதையும் அவசரப்பட்டுச் செய்யாத மனிதர் இதில் மட்டும் ஏன் அவசரப்பட்டார்?

தச்சநல்லூரில் எங்கள் எடிட்டிங் அறைக்கு வந்துபோனவர்களுக்கு அவரைத் தெரியும். நான் படம் பிடிப்பேன், அவர் வெட்டி ஒட்டி வண்ணம் திருத்துவார். பதினோரு வருடம் என் உயிரை வாங்கினார். கேமராவின் ரா வீடியோ சமைக்காத அரிசி மாதிரி. அதைப் பிரித்துப் படமாக்கும் வேலையைப் பிராசசர் செய்வதா, கிராபிக்ஸ் கார்டு செய்வதா என்று கம்ப்யூட்டரில் செட்டிங் வைக்க வேண்டும். மற்றவர்கள் அரை மணி நேரத்தில் முடிப்பதை இவர் இரண்டு நாள் செய்வார்.

ஒரு செட்டிங்கை மாற்றியதும், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் நான் எடுத்த மூன்று நிமிடத் துண்டை ஓட்டிப் பார்ப்பார். வெறும் தண்ணீர் விழும் காட்சி. நுரையும் திவலையுமாக இருப்பதால் கம்ப்யூட்டருக்கு அதைவிடக் கஷ்டமான படம் கிடையாதாம். பிறகு அடுத்த செட்டிங், மறுபடியும் அதே தண்ணீர்.

"ரெண்டையும் சேத்து மாத்தினா குடியா முழுகிரும், அண்ணாச்சி?"

"ஒண்ணை மாத்தினா ஒண்ணைப் பாரும் வே. ரெண்டை மாத்தினா எது கெடுத்துச்சுன்னு யார்ட்ட போய்க் கேப்பீரு?"

ஆசையாகப் புதுக் கார்டு வாங்கி வந்தேன். அதை வண்ணத்துக்கு மட்டும் வைத்துவிட்டு, ரா வேலையைப் பழைய பிராசசரிடமே கொடுத்தார். "புதுக் கார்டு என்ன, பூ வச்சுக் கும்பிடவா?" என்று கத்தினேன். "அதுக்கு மெமரி கம்மி வே. கொள்ளாத பானையில ஊத்தினா வெளியதான் போவும்" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

அவர் காய்ச்சலில் படுத்திருந்த கடைசி வாரத்தில் நான் செட்டிங் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினேன். வேகமாகத்தான் ஓடியது.

காரியம் நெருங்கும்போது அண்ணாச்சியின் மனைவி, எனக்கு மதினி, கேட்டார்கள். "அவுக பேசுத மாதிரி ஒரு வீடியோ இருந்தா பதினாறாம் நாளுக்குப் போடணும் தம்பி. வீட்ல ஒண்ணுகூட இல்ல." ஊர்க் கல்யாணத்தையெல்லாம் வெட்டியவர் ஒரு கேமரா முன்னும் நின்றதில்லை. ஒரே ஒரு இடம் உண்டு. அந்த அணைக்கட்டுத் துண்டின் கடைசியில் குறுக்கே வருவார். சோதிக்கும்போது அதற்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிடுவார்.

ஓட்டினேன். இரண்டு நிமிடம் தண்ணீர் விழுந்தது, திரை பச்சையாகி எல்லாம் மூடிக்கொண்டது. மறுபடியும் அப்படியே. நான் மாற்றியதில் எது கெடுத்தது என்று தெரியவில்லை. அவர் எதையாவது எழுதி வைத்தாரா? கிடையாது. செத்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொரு தடவையும் தண்ணீரைப் பார்த்தேன். இரண்டு நாள். பதினைந்தாம் நாள் மத்தியானம், ரா வேலை பிராசசருக்கே திரும்பியபோது படம் நிற்காமல் ஓடியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வந்தார். முகமெல்லாம் சலிப்பு.

"இன்னுமா வே ஓடுது? போதும், நிறுத்தும்."

மறுநாள் மதினி அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள்.

எனக்கென்று அவர் விட்டுப்போனது மூன்று நிமிடத் தண்ணீரும் இந்தப் பாழாய்ப்போன பொறுமையும்தான். அவர் சொன்ன எல்லாவற்றையும் இப்போது கேட்கிறேன். நிறுத்தச் சொன்னதை மட்டும் கேட்க முடியவில்லை.