ஒரே நிறத் தசை

மருத்துவக் கல்லூரியில் உடல்களை அறுத்துப் பாடம் நடத்தும் கூடத்தில் என் அக்காள் கணவர் உதவியாளர். இருபத்தாறு வருடமாக அதே வேலை. வீட்டில் ஒரு வெங்காயத்தை ஒழுங்காக நறுக்கத் தெரியாத மனிதர்; இதயத்தை மட்டும் பூப்போலப் பிரித்து வைப்பார்.

"கரண்ட் போற நரம்பு எது அண்ணே?" என்று வருடம் தவறாமல் மாணவர் யாராவது கேட்பார்கள்.

"நரம்பு இல்லப்பா, அதுவும் தசைதான். மத்த தசை சுருங்கி ரத்தத்தைத் தள்ளும், இது துடிக்கச் சொல்ற சேதியைக் கொண்டு போகும். ரெண்டும் ஒரே நிறம், வெறும் கண்ணுக்குத் தெரியாது" என்பார். மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே தடுப்பு. சேதி கீழே இறங்க அதில் ஒரே வழி. அந்த இடத்தை ஊசி முனையால் தொட்டுக் காட்டுவார்.

காலம்போன காலத்தில் பிறந்த அவருடைய ஒரே மகளுக்கு, அந்த வழிக்குப் பக்கத்திலேயே இதயச் சுவரில் ஓட்டை. ஏழு வயதில் அறுவை நடந்தது. ஓட்டை அடைபட்டது, வழியும் அடிபட்டது. மேலறைகள் தம்பாட்டுக்குத் துடித்தன, கீழறைகள் தம்பாட்டுக்கு மெல்லத் துடித்தன. நெஞ்சிலிருந்து வரும் கம்பிகளை வெளியே துடிப்பு கொடுக்கும் ஒரு பெட்டியில் மாட்டி இதயத்தை ஓட்டினார்கள். வீக்கம் வடிந்தால் சரியாகலாம், பத்து நாள் பார்ப்போம் என்றார் டாக்டர்.

பத்து நாளும் நாங்கள் மூவரும் நாற்காலியிலேயே கிடந்தோம். முதுகு விட்டுப்போயிற்று. யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருந்தது எனக்கு. பத்தாம் நாள் காலை பெட்டியின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். முன்னேற்றமே இல்லை. நிரந்தரமாக உள்ளேயே ஒரு பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார்கள். டாக்டர் அறைக்குள் போன அக்காள் கணவர் ஐந்தே நிமிடத்தில் ஒப்புதல் படிவத்தோடு திரும்பினார்.

"அந்த டாக்டரைச் சும்மாவா விட்டீங்க?" என்றாள் அக்காள்.

"அங்க தையல் போடாம ஓட்டையை அடைக்க முடியாது. சிலருக்கு இப்படி ஆகும்னு எனக்கு முன்னாடியே தெரியும். சொன்னா நீ ஒத்துக்க மாட்ட. அதான் சொல்லல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கத்தத்தான் தெம்பில்லை. அக்காள் அடுத்ததைக் கேட்டாள்.

"இது எத்தனை வருஷம் ஓடும்?"

"எட்டு, பத்து. பேட்டரி தீரத்தீர மாத்தணும். ஆயுசு முழுக்க."

அவருக்கு இப்போதே ஐம்பத்திரண்டு. அக்காள் படிவத்தை வாங்கி, ஒரு வரி விடாமல் படித்து, கையெழுத்துப் போட்டாள்.

"எங்கிட்ட மறைச்ச மாதிரி அவகிட்ட மறைக்காதீங்க. போய்ச் சொல்லுங்க."

அவர் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"இதை எப்போப்பா கழட்டுவாங்க?" என்றாள் மகள்.

"இதைக் கழட்டிட்டு உள்ள சின்னதா ஒண்ணு வைப்பாங்க. அது உன்கூடவே இருக்கும். அப்பா இருக்கற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நீயேதான் பாத்துக்கணும்மா" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.